எண்பத்தெட்டு சென்டிமீட்டர்

தையல்காரிக்கு எதிரே யாரும் ஐந்து நிமிடம் நிம்மதியாக உட்கார முடியாது. வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். கண் மட்டும் எதிராளியின் காலரில், கைமடிப்பில், பொத்தான் துளையில் மேய்ந்துகொண்டிருக்கும். எங்காவது ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் போச்சு. இடுப்பில் நாடா கட்டித் தொங்கவிட்டிருக்கும் சின்னக் கத்தரிக்கோல் கைக்கு வந்ததும் தெரியாது, வெட்டியதும் தெரியாது. ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்தபடியே மருத்துவரின் அங்கியில் தொங்கிய நூலை நறுக்கிவிட்டாள். "பல்லை எடுக்க வந்தீங்களா, என் சட்டையைத் திருத்த வந்தீங்களா?" என்று அவர் கேட்டாராம். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதிலும் அதிகம் சிரிப்பவன் மாப்பிள்ளை. அவள் கணவருடைய தங்கையின் புருஷன்.

அந்த மாப்பிள்ளைதான் இப்போது ஒன்பது நாளாக, கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். முறித்தது அவள் கணவர் ஓட்டிய வண்டி.

கணவரை அக்கம்பக்கத்தில் ரிமோட்காரர் என்பார்கள். நீர்த்தேக்கத்தின் கரைச்சரிவில் புல் வெட்டுவது அவர் வேலை. அந்தச் சரிவில் ஆள் இறங்கி நின்று வெட்ட முடியாது, வழுக்கிக்கொண்டு போகும். அதனால் அடியில் கத்தி வைத்த தாழ்வான வண்டி ஒன்றை மேட்டில் நின்றுகொண்டு ரிமோட்டால் ஓட்டுவார். பெட்ரோல் எஞ்சின் உறுமும், நனைந்த புல் பக்கவாட்டில் பீய்ச்சியடிக்கும், கரையெங்கும் பச்சை வாசம் அடிக்கும். மாப்பிள்ளை கீழே நீளக் கைப்பிடி வைத்த புல்வாரியோடு நடந்து, வெட்டி விழுந்ததை வாரிக் குவிப்பான். பதினோரு வருடமாக இருவரும் இப்படித்தான். மேலே இருப்பவரும் கீழே இருப்பவனும் நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பேசியே பழகியதால், வீட்டுக்குள் வந்தாலும் இருவருக்கும் மெதுவாகப் பேச வராது.

வண்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார் உண்டு. செர்வோ என்று பேர். ரிமோட்டில் கட்டைவிரல் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு அது திரும்பும், அது திரும்பினால் சக்கரம் திரும்பும். விரல் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் வண்டி தூரத்தில், நூறடிக்கு அப்பால் இருந்தது. இரண்டு முறை துள்ளியது. மூன்றாவது துள்ளலில் சக்கரம் முழுக்கக் கீழ்ப்பக்கம் திரும்பிவிட்டது. ரிமோட்காரர் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் நின்றது, கத்தி நின்றது, வண்டி நிற்கவில்லை. மாப்பிள்ளை தாவினான். ஒரு கால் தப்பியது, ஒரு கால் மாட்டிக்கொண்டது.

இதில் வினை என்னவென்றால், வண்டி திரும்பிய அதே நேரத்தில் ரிமோட்காரருக்கு ஒரு தும்மல் வந்தது. அதைப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

"வண்டி தானாத் துள்ளுச்சும்மா," என்று மருத்துவமனை வராந்தாவில் தங்கையிடம் சொன்னார்.

"தானா எப்படிண்ணா துள்ளும்? ஒரு தும்மலுக்கு என் வீட்டுக்காரர் காலா?" என்றாள் தங்கை. அதோடு பேச்சு நின்றது. தையல்காரி தூக்குவாளியில் சூப் கொடுத்தனுப்பினால், மூடியைக்கூடத் திறக்காமல் அப்படியே திரும்பி வந்தது.

மேற்பார்வையாளர் வண்டியை, எப்போதும் போல, வீட்டு ஷெட்டுக்கே எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை கரையில என் முன்னால ஓட்டிக் காட்டுங்க. துள்ளினா வண்டியை ஒதுக்கிடறோம். துள்ளலேன்னா..." என்று நிறுத்தி, ரிமோட்காரரின் கையைப் பார்த்தாராம். துள்ளினாலும் கெடுதி, துள்ளாவிட்டால் அதைவிடக் கெடுதி.

ஒன்பது நாளும் முற்றத்தில் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு துள்ளல் இல்லை. நல்ல பிள்ளையாக ஓடியது. அப்புறம் அவர் வண்டியைச் சோதிப்பதை விட்டுவிட்டுத் தன்னைச் சோதிக்க ஆரம்பித்தார். தண்ணீர் நிரம்பிய தம்ளரைப் புறங்கையில் வைத்துக்கொண்டு நிற்பார். தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து அவள் பார்ப்பாள். பார்க்காத மாதிரி மிதியை மிதிப்பாள்.

"கை ஆடுதா பாரு."

"ஆடலைங்க."

"நீ பாக்காமயே சொல்ற."

சனிக்கிழமை மத்தியானம் கரகர வந்தார். ரேடியோ, ரிமோட் எல்லாம் பழுது பார்ப்பவர். எதைக் கொண்டுபோனாலும் "கரகரன்னு சத்தம் வருதா?" என்று முதலில் கேட்பதால் வைத்த பேர். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

"என்ன பண்ணுது?"

"துள்ளுது."

"எங்க, துள்ளச் சொல்லுங்க."

"இப்பத் துள்ளாது."

"டாக்டரைப் பாத்ததும் வலி போயிடற கேஸா?" கரகர பையை இறக்கினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, போதும். வண்டியா, நானா?"

"அதை வண்டிகிட்டயே கேப்போம். மனுஷன்தான் மழுப்புவான்." முற்றத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு பார்வை பார்த்தார். "இங்க எத்தனை அடி வரும்?"

"இருபது."

"கரையில?"

"நூறு, நூத்தம்பது."

"அதானே. காதோரமா நின்னு கத்தினா செவிடனுக்குக்கூடக் கேக்கும். ஒன்பது நாளா இதைத்தான் பண்ணிட்டிருந்தீங்களா?"

ரிமோட்டின் நீண்ட ஏரியலை முழுக்க மடக்கி உள்ளே தள்ளினார். இப்படி மடக்கினால் அதன் குரல் பாதிக்குக் கீழே இறங்கிவிடும், தெருவிலேயே கரையின் தூரத்தைப் பார்த்துவிடலாம் என்றார். ரிமோட்காரரின் கையைப் பிடித்துத் தெருவில் கூட்டிக்கொண்டு போனார். தையல்காரி வண்டிப் பக்கத்தில் நின்று செர்வோவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்பிள்ளைகள் கையில் பெட்டியோடு, காயப்போட்ட துணிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே பின்னோக்கி நடந்து போவதைப் பார்த்து எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"துள்ளுதாக்கா?" என்று கரகர அங்கிருந்து கத்தினார்.

"இல்ல!"

பத்தடி. இருபதடி. இருபத்தைந்தாவது அடியில் செர்வோவின் கை, இமை துடிப்பதைப் போல, ஒருமுறை துடித்தது. அப்புறம் விடாமல் துடித்தது. ரிமோட்காரர் இரண்டு கட்டைவிரலையும் மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். எதையும் தொடவில்லை.

"துள்ளுதுங்க," என்று அவள் கத்தினாள். "துள்ளுது, துள்ளுது."

அவர் அங்கேயே யார் வீட்டு வாசற்படியிலோ உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, வாயசைவில் தெரிந்தது. நான் இல்ல.

அப்புறம் கரகர ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். எஞ்சினின் தீப்பொறி சில சமயம் ரேடியோவைக் கலைக்கும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தார், துள்ளியது. பேட்டரி தளர்ந்திருந்தால் இப்படி ஆகும். தன் பையிலிருந்து புது பேட்டரி போட்டார், துள்ளியது. செர்வோவையே மாற்றினார். புது செர்வோவும் பழையதுக்குச் சளைக்காமல் துள்ளியது.

"வெல்டிங் பட்டறை ஏதாச்சும் பக்கத்துல? அந்தப் பொறியும் ரேடியோவைக் கலைக்கும்."

"இருக்கு. சனிக்கிழமை லீவு."

"சரி. வாயும் நல்லாருக்கு, கைகாலும் நல்லாருக்கு. காதைப் பாப்போம்."

ரிமோட் சொல்வதைக் கேட்கும் சின்னப் பெட்டி வண்டியின் முதுகில் இருந்தது. அதன்மேல் மழைக்கு உறை போட்டிருந்தது. கரகர உறையைத் தடவிப் பார்த்தார். "யார் தச்சது? நீங்களா? ஒரு பிசிறு இல்ல பாருங்க," என்றார். உறைக்குப் பக்கத்தில் உறிஞ்சுகுழல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாய் நட்டுக்குத்தாக நின்றது. முனையில் சிவப்புத் தொப்பி. பெட்டியிலிருந்து வரும் ஒயர் அந்தக் குழாய்க்குள் ஏறி நிற்க வேண்டும், அதுதான் காது. கரகர குழாயைப் பிடுங்கினார். ஊதிப் பார்த்தார். காற்று சுத்தமாகப் போனது. உறையைக் கழற்றியதும், பெட்டியின் ஓரத்தில் ஒரு கறுப்பு ஒயர் பல்லி வால் மாதிரி கொஞ்சமாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இது ஒரு மீட்டர் இருக்கணும். மிச்சம் எங்க?"

தையல்காரியின் கை இடுப்பிலிருந்த கத்தரிக்கோலைத் தொட்டது.

விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மழை வரும்போல இருக்கிறது என்று அவசர அவசரமாக அந்த உறையைத் தைத்தாள். வண்டியிலேயே வைத்து அளவு பார்த்தாள். இடைஞ்சலாக இருக்கிறது என்று குழாயைப் பிடுங்கிக் கீழே வைத்தது அவள்தான். உறையின் ஓரத்துக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று நீளமாகத் தொங்கியது. கொஞ்சம் விறைப்பாக இருந்ததுகூட இப்போது நினைவுக்கு வந்தது. உறையின் ஓர மடிப்புக்குள் பைப்பிங் வைக்கிற கயிறு என்று கை நினைத்துக்கொண்டது. தலை எதையும் நினைக்கவில்லை. நறுக்கினாள். நல்ல நீளமாக இருக்கிறதே என்று, நாத்தனாருக்குத் தைத்து வைத்திருந்த இரண்டு தலையணை உறையையும் சுருட்டி அதாலேயே கட்டி, மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்பினாள்.

"எலி," என்றார் ரிமோட்காரர். ஒன்பது நாளுக்குப் பிறகு முகத்தில் வெளிச்சம். "எலிதான். ஷெட்டுல பூராவும் எலி. கரகர, எலிதானே?"

கரகர ஒயரின் முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "எலி கடிச்சா முனையில..." என்று ஆரம்பித்தார். நிமிர்ந்தவர் தையல்காரியின் முகத்தைப் பார்த்தார். இடுப்பில் தொங்கிய கத்தரிக்கோலைப் பார்த்தார். அவள் போட்டுக் கொடுத்திருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "எலின்னே வச்சுக்கலாம்," என்றார். "அக்கா, உங்க டேப்பைக் குடுங்க. இதை அளந்துட்டா மிச்சத்தை ஒட்டிடலாம்."

அவளே அளந்தாள். "பன்னெண்டு."

"நூத்துக்கு இன்னும்?"

"எண்பத்தெட்டு," என்றாள். குரல் வெளியே வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

கரகர எண்பத்தெட்டு சென்டிமீட்டர் ஒயரைப் பற்றவைத்து, குழாயில் ஏற்றி, தொப்பி போட்டார். ரிமோட்காரர் தெருக்கோடி வரை போனார். வண்டி ஒரு துடிப்புகூடத் துடிக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், இரண்டு வார்த்தைதான். பயந்துவிட்டாள். எலிக்கு வாயில்லை, யாரும் அதனிடம் போய்ச் சண்டை போடப் போவதில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிமோட்காரர் தலையை வாரிக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னா?"

"சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"அந்தச் சிரிப்பு இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்குத் தும்மல், இன்னிக்கு எலியா, நாளைக்கு என்னண்ணா யானையான்னு கேட்டா. கடிச்ச மிச்சம் எங்க, எலி முழுங்கிடுச்சான்னு கேட்டா. கை தப்பிடுச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்னா."

"மாப்பிள்ளைத் தம்பி ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தான்." ரிமோட்காரர் தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்தார். "அவ சொல்றதும் நியாயம்தான். வண்டி ஒன்பது நாளா நம்ம ஷெட்டுல கிடக்குது. அதுக்கப்புறம்கூட எலி கடிச்சிருக்கலாம் இல்லையா? அன்னிக்குக் காலையில ஒயர் முழுசா இருந்திருந்தா? அப்ப நான்தானே. தும்மினேனே. அது உண்மைதானே."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "நாளைக்கு ரிமோட்டை மேற்பார்வையாளர்கிட்ட குடுத்துடறேன். கையை நம்ப முடியலேன்னா அந்த வேலையில நிக்கக் கூடாது. கீழ வேற ஒருத்தன் வந்து நிப்பான். அவனுக்கும் கால் இருக்குமில்ல."

அவள் மிஷினிலிருந்து எழுந்தாள். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"செருப்பைப் போடுங்க."

"எங்க?"

"உங்க தங்கச்சி வீட்டுக்கு."

"இப்பதானே வரேன்."

"எலியைக் கூட்டிட்டுப் போகாமப் போனீங்க. அதான் நம்பல."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழியெல்லாம் "என்ன விஷயம், என்ன விஷயம்" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். அவள் நின்றால் திரும்பிவிடுவோம் என்ற பயத்தில் வேகமாக நடந்தாள்.

கதவைத் திறந்த நாத்தனார் வழிவிடவில்லை. "என்ன அண்ணி, நீங்களுமா?"

"எலி வந்திருக்கு," என்றாள் தையல்காரி.

நாத்தனார் முழித்தாள். தையல்காரி அவள் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். ஜன்னலோரம் நாற்காலியில் மாப்பிள்ளை. கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில், தலையணை மேல் நீட்டியிருந்தான். தலையணை நழுவாமல் இருக்க, அதை ஸ்டூலோடு சேர்த்து ஒரு கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை.

"அந்தக் கயிறு ஏது?" என்று கேட்டாள்.

"நீங்கதான் தலையணை உறை கட்டி அனுப்பினீங்க. ஏன், அதைத் திருப்பி வாங்கிட்டுப் போகவா வந்தீங்க?"

"எப்ப அனுப்பினேன்?"

"கால் உடையறதுக்கு முந்தின நாள்..." என்று சொன்ன நாத்தனார், ஏதோ இருக்கிறது என்று புரிந்து நிறுத்தினாள்.

"அதை அவிழ்த்து அளக்கணும். காலைத் தூக்கிப் பிடிச்சாத்தான் முடியும்."

ரிமோட்காரர் இன்னும் வாசலில் நின்றார். மாப்பிள்ளைதான் கூப்பிட்டான். "மச்சான், வந்து பிடிங்க. இவளுக்கு அந்தக் கனம் தாங்காது."

அவர் வந்து மண்டியிட்டு, மாவுக்கட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். நாத்தனார் முடிச்சோடு மல்லுக்கட்டினாள். ஒயர் முடிச்சு சீக்கிரம் அவிழாது. முடிச்சு அவிழ்ந்ததும் தையல்காரி ஒயரைத் தரையில் நீவி விட்டு, பக்கத்தில் டேப்பை விரித்தாள். கடைசி எண்ணை விரலால் அழுத்திக்கொண்டு, நாத்தனாரைப் பார்க்கச் சொன்னாள்.

"எண்பத்தெட்டு," என்று படித்தாள் நாத்தனார்.

"வண்டியில பன்னெண்டு நிக்குது. கரகர அளக்கச் சொல்லி நான்தான் அளந்தேன். மொத்தம் ஒரு மீட்டர். இது வண்டியோட காது. உறை தச்ச அன்னிக்குத் தொங்குற நூல்னு நினைச்சு நான் வெட்டிட்டேன். இதுலயே கட்டி உங்களுக்கும் அனுப்பிட்டேன். உங்க அண்ணன் தும்மினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவர் கை தப்பல. நேத்தே எனக்குத் தெரியும், சொல்லப் பயந்துட்டேன்."

ரிமோட்காரர் அவளைப் பார்த்தார். கோபமா, ஆறுதலா என்று அவள் கண்டுபிடிக்க முடியாத பார்வை. கால் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"ஒன்பது நாள்," என்றாள் நாத்தனார். "ஒன்பது நாள் எங்க அண்ணன் முகத்துல நான் முழிக்கல. வாசலோட அனுப்பினேன். உங்க கத்தரிக்கோலைத் தூக்கிக் குப்பையில போடுங்க அண்ணி. எதைப் பாத்தாலும் வெட்டணுமா? கையைக் கட்டிட்டு இருக்கவே முடியாதா உங்களுக்கு?"

"முடியாதுதான்," என்றாள் தையல்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குழாயைத் திருப்பி மாட்டினது நான்," என்றான் மாப்பிள்ளை. மூவரும் அவன் பக்கம் திரும்பினார்கள். "அன்னிக்குச் சாயங்காலம். கீழ கிடந்துச்சு, எடுத்துச் சொருகிட்டேன். உள்ள ஒயர் ஏறுதான்னு பாக்கணும். பாக்கல. மழை வருதேன்னு அவசரம். நேத்துவரைக்கும் எனக்கும் அது தோணல, இன்னிக்குக் காலையில மச்சான் ஒயர்னு சொன்னப்பத்தான் தோணுச்சு. நானும் சொல்லல."

நாத்தனார் புருஷனைப் பார்த்த பார்வையில், அவனுக்குத் தனியாக ஒரு கச்சேரி இருக்கிறது என்பது தெரிந்தது.

"மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "பத்து நிமிஷமா இதைப் பிடிச்சிட்டிருக்கீங்க. கல்லு மாதிரி கனம். கொஞ்சங்கூட ஆடல உங்க கை."

ரிமோட்காரர் குனிந்து தன் கையைப் பார்த்தார். முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எப்போதும் போலக் கத்தினார். "எவ்வளவு நேரம்டா பிடிக்கிறது? யாராச்சும் வேற கயிறு கொண்டாங்க."

நாத்தனார் உள்ளே போய்ப் பழைய துணி நாடா ஒன்றைக் கொண்டுவந்து தலையணையைக் கட்டினாள். அவர் காலை மெல்ல இறக்கி வைத்தார். "நாளைக்கு நீயும் கரைக்கு வரணும்," என்றார் மனைவியிடம், முகத்தைப் பார்க்காமல். "அந்த ஒயரை எடுத்துட்டு வா. மேற்பார்வையாளர்கிட்டயும் இதையே சொல்லணும்."

"சொல்றேங்க."

அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. மாவுக்கட்டின் ஓரத்தில், கால்விரல்களுக்குப் பக்கத்தில், துணியிலிருந்து பிரிந்த ஒரு வெள்ளை நூல் விரல்நீளத்துக்குத் தொங்கியது. அவள் கை இடுப்புக்குப் போனது. பாதியில் நின்றது. மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரி வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள். "வெட்டட்டுமா?"

"வெட்டுங்கக்கா," என்றான் மாப்பிள்ளை. "ஒன்பது நாளா விரலைக் கூசுது."

நாத்தனார் சட்டென்று குனிந்து அந்த நூலைப் பிடித்துக்கொண்டாள். அது எங்கிருந்து வருகிறது என்று கட்டின் உள்ளே வரை விரலால் தடவிப் பார்த்தாள். ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்தாள். அப்புறம் நூலை இழுத்து நேராக நீட்டிப் பிடித்தாள்.

"இது நூல்தான் அண்ணி," என்றாள். "வெட்டுங்க."